வில்லுக்கு விளக்கெண்ணெய்

வயலினில் சத்தம் வரவில்லை என்றால் உடனே யார் மீதும் கோபப்படாதீர்கள். வில்லைப் போட்டு அழுத்தவும் செய்யாதீர்கள். சத்தம் வராதபோது நம் வாயும் கையும் முந்திக்கொண்டு செய்வது இந்த இரண்டையும்தான். அதனால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். கடைசியில் சொன்னால் மறந்துவிடுவேன்.

இந்த ஆண்டு நம் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பாடத்திட்டம் உங்கள் கையில் இருக்கிறது. சரளி வரிசை, ஜண்டை வரிசைகளை எப்படி நடத்துவது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இம்மாதிரி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெரியவர்கள். நானோ உங்களுக்குச் சில வருடங்கள் முன்னால் இதே வேலையில் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். ஆகவே அறிவுரை சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒரு விஜயதசமிக் காலையில் தொடங்கி மறுநாள் சாயங்காலம் முடிந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். உங்களுக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் விளாத்திகுளம் போகிற வழியில் இருந்த ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருந்தேன். ஆய்வகத்தை ஒட்டிய சிறிய அறை, ஒரு இரும்பு அலமாரி, அதற்குள் ஆறு வயலின்கள். என்னுடையதையும் சேர்த்தால் ஏழு. பன்னிரண்டாம் வகுப்பில் மாரிச்செல்வி என்று ஒரு பெண் படித்தாள். எனக்கு வாய்த்த பிள்ளைகளில் வயலினை மடியில் வைத்ததும் முதுகு தானாக நிமிர்கிற பிள்ளை அவள் ஒருத்திதான்.

அவளுடைய அப்பா மானாவாரியாக மிளகாயும் கம்பும் போடுகிறவர். கோயில் கொடை விழாக்கள் நடக்கும் மாதங்களில் வில்லுப்பாட்டுக் குழுவின் அண்ணாவி, அதாவது முன்னின்று கதை பாடுகிறவர். தோல் நாண் பூட்டிய நீண்ட வில், அதில் வரிசையாக மணிகள், வில்லின் நடுவில் கட்டிய மண் குடம். வீசுகோலை எடுத்து நாணில் ஒரு அடி போட்டார் என்றால் ஊர் அடங்கிவிடும்.

மாரிச்செல்விக்கு அடுத்த வருடம் இசைக் கல்லூரியில் சேர வேண்டும். அவருக்கு மகள் நர்சிங் படிக்க வேண்டும். இரண்டுமே நியாயமான ஆசைகள். அவர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

“விஜயதசமியன்னைக்கு ஸ்கூல்ல ஊருக்கு முன்னால வாசிக்கட்டும் சார். மறுநா தூத்துக்குடியில மாவட்டப் போட்டி இருக்குன்னு சொல்லுதா. ரெண்டையும் கேட்டுட்டுப் பொறவு சொல்லுதேன். வாசிப்பு எனக்குப் பிடிபட்டா காலேசு. இல்லைன்னா நர்சிங். பேச்சு ஒண்ணுதான்.”

விஜயதசமி அன்று பள்ளியில் சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கும் அரிசியில் எழுத வந்த குழந்தைகள், அம்மா அப்பாக்கள், பாயசம் என்று வளாகம் நிறைந்திருந்தது. முந்தின நாளே வயலின்களை எல்லாம் சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கி, பொட்டு வைத்து, பூவும் வைத்திருந்தோம். பூசையில் இருக்கும்போது தொடக் கூடாது என்பதால் யாரும் தொடவில்லை. காலையில் எடுத்துச் சுருதி சேர்த்தோம். கம்பியை விரலால் தெறித்துச் சேர்த்ததால் ஒன்றும் தெரியவில்லை. தலைமையாசிரியை பேசி முடித்ததும் நான் கை காட்டினேன். ஏழு வில்லும் ஒன்றாக இறங்கின.

ஒன்றும் வரவில்லை.

அபஸ்வரம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணாடியின் மேல் விரலை ஓட்டுவதுபோல வில் பாட்டுக்குப் போய்வந்து கொண்டிருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சொல்லி வைத்தாற்போல அழுத்தினார்கள். எங்கோ ஒரு கம்பி மட்டும் முனகியது.

“கரண்டு இல்லையோ?” என்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்.

“மைக்கப் போடாம இருப்பாங்க” என்றார் இன்னொருவர்.

மாரிச்செல்வி டப்பாவிலிருந்து, வில்லின் முடிக்குத் தேய்க்கிற ரோசின் என்ற பிசின் கட்டியை எடுத்து ஒவ்வொரு வில்லாக வேகவேகமாகத் தேய்த்துக் கொடுத்தாள். அதன்பின் முனகலும் நின்றுபோனது. இதை நான் இன்றுவரை பலரிடம் பார்த்திருக்கிறேன். காரியம் கெட்டுவிட்டது என்று தெரிந்ததும், தெரிந்த ஒரே மருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுவோம். காரணம் தெரியாத இடத்தில் கையை எடுத்துவிடுவது நல்லது. நான் வயலினைக் கீழே வைத்துவிட்டு, “பாட்டாவே பாடிருவோம், எந்திரிங்க” என்றேன். பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். ஆனால் வேப்பமரத்தடியில் நின்றிருந்த மாரிச்செல்வியின் அப்பா பாட்டைக் கேட்கவில்லை. மகளின் காலடியில் கிடந்த வயலினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்கு வந்து, ஒரு வில்லில் கட்டியிருக்கும் குதிரை முடியை விரலால் தொட்டேன். பிசுபிசுத்தது. முகர்ந்தால் விளக்கெண்ணெய்.

“யார் பண்ணுன வேல இது?” என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஏழு வில்லிலும் முடி, வேலை நாளில் தலை வாரி அனுப்பிய பிள்ளைபோல, ஒரு இழை பிசகாமல் வாரப்பட்டிருந்தது. எண்ணெய் ஒரு இடத்தில் கூடவோ குறையவோ இல்லை. கெடுக்க நினைக்கிறவர்கள் இவ்வளவு பொறுமையாகக் கெடுக்க மாட்டார்கள். கேள்வியை மாற்றிக் கேட்டேன்.

“யாரு இவ்வளவு அழகா எண்ண போட்டு வாரிவிட்டது?”

“நான்தான் சார்” என்றாள் மாரிச்செல்வி. அவள் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

“வெயிலுக்கு முடி ஒவ்வொண்ணா அந்துக்கிட்டே வந்துச்சுல்லா சார். போட்டி வேற வருது. வீட்டுல வருசா வருசம் பூசைக்கு முன்னால அப்பா நாணுக்கு வெளக்கெண்ண போடுவாவ. போடலைன்னா தோலு காஞ்சு வெடிச்சிரும். அதான் இதுக்கும் போட்டேன். ரோசின காலையில தேச்சுக்கிடலாம்னு நெனச்சேன்.”

பார்த்தீர்களா? அவள் செய்ததில் அலட்சியம் ஒரு துளிகூட இல்லை. வீட்டில் தொழில் கருவிக்குச் செய்கிற மரியாதையை இங்கேயும் செய்திருக்கிறாள். யாரென்று அதட்டியிருந்தால் அவள் பெயர் வெளியே வந்திருக்காது, காரணமும் வந்திருக்காது. ரோசினை எப்போது தேய்க்க வேண்டும் என்பதோடு, எதற்குத் தேய்க்கிறோம் என்பதையும் முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடம் பேசுங்கள்.

எனக்கு அந்த நேரத்தில் கைக்கு எட்டியது அறைக் கதவுதான். ஆட்டிக் காட்டினேன். கீல் கிரீச்சிட்டது.

“இது கத்தாம இருக்க என்ன செய்வோம்?”

“எண்ண விடுவோம்.” சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ சார். இது கத்தணும்லா!”

“நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றபடி அவள் அப்பா உள்ளே வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “ஏட்டி, பையை எடு. வீட்டுக்குப் போவோம். விதைப்புக்கு ஆளு வந்து நிக்கும்.”

“அப்பா, இது எண்ணையால…”

“எண்ணையோ தண்ணியோ. நல்ல நாளும் அதுவுமா சரஸ்வதி படத்துக்கு முன்னால வச்சு எடுத்தது வாயத் திறக்க மாட்டேன்னுட்டுது. அவளே வேண்டாங்குதா. இதுக்கு மேல நான் என்ன கேக்கணும்? தப்பா எடுத்துக்கிடாதீய சார். நாளைக்குப் போட்டிக்கு வேற பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க.”

என்னிடம் மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன. எண்ணெய், பிடிமானம், உராய்வு. படித்தவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் நாக்கு அரிக்கும். ஆனால் அவருடைய சாமியோடு நான் வழக்காடினால், நடுவில் நிற்கிற பெண் இரண்டில் ஒரு பக்கம் சேர வேண்டிவரும். அவள் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் அவளுக்கு நஷ்டம். நான் பேசாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியங்களில் அதுவும் ஒன்று.

மாரிச்செல்விதான் பேசினாள்.

“போன கொடையில பாதிக் கதையில நாண் அந்துதே, அப்ப என்னப்பா செஞ்சீய?”

“அது வேற.”

“என்ன வேற? சாமி வேண்டாங்குதுன்னு எந்திரிச்சு வந்துட்டீயளா?”

“கொடை நிக்கப்படாதுல்லா. வேற நாண் பூட்டுனோம்.”

“பூட்டி, விடிய விடியப் பாடுனீய. அந்தச் சாமிக்கு ஒரு நியாயம், இந்தச் சாமிக்கு ஒரு நியாயமா?”

அவர் என் பக்கம் திரும்பினார். “பாத்தீயளா சார் வாய. இவள வில்லடிக்க ஒக்கார வச்சிருந்தா எம் பொழப்பு என்னைக்கோ போயிருக்கும்.” தாடியைச் சொறிந்துகொண்டார். “சரி. நாண் பூட்டுங்க பாப்போம். நாளைக்கு அங்கன போயி வாசிக்கட்டும். அங்கயும் பேசலைன்னா, பொறவு காலேசுப் பேச்சு எடுக்கப்படாது.”

இனிமேல்தான் என் பயம். பண்டிகை நாள், கடைகள் அடைப்பு. வேறு வில் வாங்கவோ முடி மாற்றவோ மதுரைக்குப் போனாலும் அன்றைக்கு நடக்காது. முடியைக் கழுவலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன், கழுவிப் பார்த்ததில்லை. தப்பாகிவிட்டால் இருக்கிற வில்லும் போய்விடும். அவளுடைய வில்லில் கை வைப்பதற்கு முன் என்னுடையதை எடுத்தேன். இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத வைத்தியத்தை முதலில் உங்கள் சொந்தப் பொருளில் செய்து பாருங்கள். அப்போது கை தானாக நிதானத்துக்கு வரும்.

பள்ளியின் முதலுதவிப் பெட்டியில் ஸ்பிரிட் இருந்தது. விளக்கெண்ணெய் அதில் கரையும். பஞ்சில் நனைத்து முடியைத் துடைத்தேன். எண்ணெய் வந்தது. ஆனால் இரண்டு சொட்டு குச்சியில் வடிந்து, பட்ட இடத்தில் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மாரிச்செல்வி “சார்!” என்றாள். “இதுக்குத்தான் முதல்ல என்னோடத எடுத்தேன்” என்றேன். மனசுக்குள் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

அவளுடைய வில்லுக்கு வரும்போது எனக்குப் புத்தி வந்துவிட்டது. குச்சியையும் இரண்டு முனைகளையும் பிளாஸ்டிக் பையால் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டோம். முனைகளில் முடியைப் பிடித்து வைத்திருப்பது சின்ன மரத் துண்டுகள். ஈரம் ஏறினால் உப்பி, முடி மொத்தமும் கழன்றுவிடும். எட்டிப் பார்த்த தலைமையாசிரியை, “என்ன சார், ஊசி போடுதீங்களா, குளுக்கோஸ் ஏத்துதீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவளையே துடைக்கச் சொன்னேன். ஸ்பிரிட், பிறகு பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், சீப்பு. அவள் அப்பா நுனியைப் பிடித்துக்கொண்டார். விதைப்புக்கு வந்த ஆட்களை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

“ஆமா, இந்தப் பொட்டி எதுக்கு சார்? கம்பிதான பேசுது?” என்று வயலினைத் தட்டிப் பார்த்தார்.

“கம்பி மட்டும்னா பக்கத்துல இருக்கவங்களுக்குக்கூடக் கேக்காது அண்ணாச்சி. கம்பியோட அதிர்வ வாங்கிப் பெருசாக்குறது பெட்டிதான்.”

“அப்ப நம்ம குடம் மாதிரின்னு சொல்லுங்க.”

அடுத்த சிக்கல் ரோசின். காலையில் எண்ணெய் முடியைத் தேய்த்ததில் கட்டியின் மேலெல்லாம் எண்ணெய். அவள் அழத் தொடங்கினாள். அன்றைக்கு அதுதான் முதல் தடவை. எண்ணெய் மேலேதான் இருக்கும், உள்ளே போயிருக்காது என்று தோன்றியது. கட்டியைத் துணியில் சுற்றிக் கல்லால் ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டாக உடைந்தது. உள்முகம் சுத்தமாக, தேன் நிறத்தில் மின்னியது.

“இது தீப்பெட்டி மருந்துல போடுதது மாதிரில்லா இருக்கு?” என்றார் அவர்.

“அதேதான் அண்ணாச்சி. அந்த ரோசின்தான் இங்க கட்டியா வருது.”

என் வில் முதலில் காய்ந்தது. ரோசின் தேய்த்து இழுத்தேன். கரகரவென்றுதான் வந்தது, ஆனால் வந்தது. மாரிச்செல்வி தன்னுடையதையும் உடனே இழுத்துப் பார்க்கத் துடித்தாள். ஈரம் இருக்கும்போது ரோசின் பட்டால் பசையாகிவிடும். வெயிலில் வைக்கட்டுமா என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன். பேசுமா பேசாதா என்று தெரியாமலே அவளைப் பேருந்தில் வீட்டுக்கு அனுப்பியது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் காய வேண்டியதைக் காயவிடுவதும் வேலைதான்.

மறுநாள் தூத்துக்குடியில், போட்டி நடந்த பள்ளியின் மாடிப்படிக்குக் கீழே, அவள் ரோசினைத் தேய்த்துவிட்டு வில்லை இழுத்தாள். பேசியது. அவள் அப்பா வேறு எங்கோ பார்ப்பதுபோல நின்றார். ஆனால் இழுப்பு நுனிக்கோ அடிக்கோ போனதும் சத்தம் மறைந்தது. மரத் துண்டுகளுக்குப் பயந்து இரண்டு முனைகளிலும் நாங்கள் கழுவாமல் விட்ட பகுதிகள் அவை. அங்கே எண்ணெய் அப்படியே இருந்தது.

அவள் தயார் செய்திருந்தது நிதானமான பாட்டு. ஒவ்வொரு இழுப்பும் வில்லின் முழு நீளத்துக்கும் போகும். என் வில்லை நீட்டினேன். வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“நல்லா இருக்கு சார். ஆனா கனமா இருக்கு, என் கைக்குத் தெரியாது. என்னுது எங்கன வழுக்கும்னு எனக்குத் தெரியும்லா.”

என் வில்லை வாங்கிக்கொள் என்று நான் வற்புறுத்தியிருக்கலாம். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இன்றும் நிச்சயமில்லை. மேடையில் உட்காரப் போகிறவள் அவள் என்பதால் விட்டுவிட்டேன்.

வில்லின் நடுப்பகுதியை மட்டும் வைத்து வாசித்தாள். ஒரு இழுப்பில் வரவேண்டியதை மூன்றாக வெட்ட வேண்டியிருந்தது. வெட்டுத் தெரியாமல் மறைக்கத்தான் நாம் சொல்லிக்கொடுப்போம். அவள் மறைக்கவில்லை. வில் திரும்புகிற ஒவ்வொரு இடத்தையும் தாளத்தின் மேல் கொண்டுவந்து வைத்து, லேசாக ஒரு அழுத்தம் கொடுத்தாள். நாணில் வீசுகோல் விழுகிற மாதிரி இருந்தது. அவள் அப்பாவின் கை தொடையில் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் இடம். முதல் இடத்துக்கு வந்தவர்தான் மாநிலப் போட்டிக்குப் போகலாம். முதலாவதாக வந்த பையன் உண்மையிலேயே நன்றாக வாசித்தான்.

திரும்பும்போது எட்டயபுரம் வழியாகப் போகிற பேருந்தில் ஏறினோம். அப்பாவும் மகளும் முன் இருக்கையில், நான் பின்னால். வில் பேசியதா என்றால் பேசியது. ஜெயித்ததா என்றால் இல்லை. அவர் எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று கேட்டார்.

“ஏட்டி, நம்ம நாணுக்கு எண்ண போட்டாத்தான் பேசுது. ஒன்னுது எண்ண போட்டா ஏன் பேச மாட்டேங்குது?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நீயே சொல் என்று தலையாட்டினேன்.

“நம்ம நாண நீங்க அடிக்கீய. ஒரு அடிக்கு ஒரு சத்தம். அதுவா அடங்கிரும்.”

“ஆமா.”

“அடிக்கதுக்குப் பிடிமானம் வேண்டாம்.”

“வேண்டாம்.”

“இத அடிக்கல, இழுக்கோம். மழ பெஞ்ச மறுநா நம்ம காட்டுக்குள்ள நடந்தா, கரிசல் செருப்பப் பிடிச்சு இழுக்கும்லா?”

“ஆமா, இழுக்கும்.”

“நாம காலத் தூக்கத் தூக்கப் பிடிச்சுக்கிட்டே வந்து, தாங்காம ‘சொத்’துன்னு விட்டுரும். அடுத்த அடியில மறுபடி பிடிக்கும்.”

“ஆமா.”

“அதே மாதிரிதான் முடி கம்பியப் பிடிச்சு இழுத்துட்டுப் போவும். கம்பி முறுக்கு தாங்காம விடுவிச்சுக்கிட்டுத் திரும்பும். மறுபடி பிடிக்கும், மறுபடி விடும். ஒரு இழுப்புக்குள்ள நூறு நூறு தடவ. அதான் சத்தம். பிடிக்கதுக்குத்தான் ரோசின்.”

“அடேயப்பா! ஆமா.”

“எண்ண போட்டா?”

“வழுக்கிட்டுல்லா போயிரும்.”

வில்லுப்பாட்டில் அண்ணாவி ஒரு வரி சொன்னால், பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட்டுக் கதையை நகர்த்துவார். மாரிச்செல்வியின் அப்பா ஆயுசு முழுக்க மற்றவர்களிடம் ஆமா வாங்கிய ஆள். தான் போட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. குரலைக் கொஞ்சம் ஏற்றி, வரியை நறுக்கென்று வெட்டி, கதை சொல்கிற தாளத்துக்கு வந்துவிட்டாள்.

“இதெல்லாம் முழுசாப் படிக்கணும்னா…”

“ஆமா…”

“ஸ்கூல்ல இருக்க ஒரு ரூமுல முடியாது.”

“முடியாது.”

“அதுக்குன்னு படிச்சவங்க இருக்காவ.”

“இருக்காவ.”

“அடுத்த வருசம் நான் மியூசிக் காலேசுல சேரணும்.”

“ஆமா.”

சொல்லிவிட்டார். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பக்கத்து இருக்கைக்காரர், அதுவரை காதைக் கொடுத்துக்கொண்டிருந்தவர், வாய்விட்டுச் சிரித்தார்.

“ஆமா போட்டாச்சே அண்ணாச்சி! அதுவும் சபையில.”

“ஏட்டி…” என்று அவர் ஆரம்பித்தார். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“சார், அந்தக் காலேசு எந்த ஊருல இருக்கு?”